470 பிறந்த கதை

பாகான் செராய் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது விசில் வாங்கக் காசு தேவைப்பட்டதில்லை. ராத்திரி காட்டுப்பன்றி சுட்ட சத்தம் கேட்டால், காலையில் பால்மரங்களுக்கு நடுவே தேடிப் போவோம். காலித் தோட்டாக்கள் கிடைக்கும். சிவப்புக் குழல், அடியில் பித்தளை. கீழுதட்டில் வைத்துச் சாய்த்து ஊதினால் தூரத்துக் கப்பல் சங்கு மாதிரி ஒரு சத்தம். வெடிமருந்தின் கசப்பு கொஞ்ச நேரம் நாக்கிலேயே நிற்கும்.

பெரியப்பா ஒரு காலத்தில் துரைக்கு டிரைவராக இருந்தவர். நாங்கள் ஊதுவதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "இது பன்னெண்டு நம்பர்டா, பன்னிக்கு. ஆனைக்குன்னு துரை தனியா ஒண்ணு வச்சிருந்தாரு. அதோட தோட்டா உன் கைவிரலைவிட நீளம். பின்பக்கம் 470ன்னு போட்டிருக்கும்."

"அது என்ன கணக்கு பெரியப்பா?"

"ஆனையோட ராத்தலா இருக்கும், போடா."

அந்த எண் என் மண்டையில் தங்கிவிட்டது. 450 என்றால் புரிகிறது, 500 என்றால் புரிகிறது. நடுவில் 470 ஏன்? பின்னால் வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி வாசித்தபோது பதில் கிடைத்தது. அதில் யானையின் பங்கு குறைவு.

முதலில் அந்தப் பன்னிரண்டைச் சொல்லிவிடுகிறேன். அதில் பெரியப்பாவின் ராத்தலுக்கு இடம் இருக்கிறது. ஒரு ராத்தல் ஈயத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டு உருண்டையாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ அதுதான் பன்னிரண்டு நம்பர். ஆகவே எண் குறையக் குறையக் குழலின் வாய் பெரிதாகும். நாலு நம்பர் என்றால் ஒரே உருண்டை கால் ராத்தல். கரிமருந்துக் காலத்தில் யானை வேட்டைக்காரனுக்கு வேறு வழியில்லை. கரிமருந்தால் ரவையை ஓர் அளவுக்கு மேல் வேகமாகத் தள்ள முடியாது. வேகம் இல்லாத இடத்தில் எடையைக் கூட்டினார்கள். இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி யானைகளைச் சுட்டுத் தள்ளிய சாமுவேல் பேக்கரிடம் இருந்த ஒரு துப்பாக்கியின் எடை 21 ராத்தல், ஒன்பதரைக் கிலோ. சுடும்போது தோள்பட்டை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1856இல் லண்டன் துப்பாக்கிக்காரர் ஜேம்ஸ் பர்டி வேறு பக்கமாக யோசித்தார். ரவையை இலேசாக்கி, மருந்தைக் கூட்டினார். வேகம் வந்தது. அந்த வேகத்தை விற்க ஒரு பெயர் வேண்டுமே. அன்றைக்கு உலகத்திலேயே வேகமான வாகனம் ரயில். 'எக்ஸ்பிரஸ் ட்ரெயின்' என்று பெயர் வைத்தார். ட்ரெயின் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது, எக்ஸ்பிரஸ் மட்டும் தோட்டாவின் மேல் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பேராக்கில் யானையும் ரயிலும் நேராகவே மோதியிருக்கின்றன. 1894 செப்டம்பர் 17. தெலுக் ஆன்சன், இன்றைய தெலுக் இந்தான். அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தன் கூட்டத்தைக் காக்க ஓர் ஆண் யானை ரயிலை எதிர்த்து முட்டியது. ரயில் தடம் புரண்டது, யானை செத்தது. அதைப் புதைத்த இடத்தில் பலகை எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் எத்தனையோ யானைகள் சுடப்பட்டிருக்கும். பலகை கிடைத்தது ரயிலைக் கவிழ்த்த யானைக்குத்தான்.

பர்டியின் வேகம் மானுக்கும் புலிக்கும் போதும். யானை மண்டைக்குப் போதாது. அந்த மண்டை பார்க்கத்தான் பாறை. உள்ளே தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைந்த எலும்பு, அதற்கும் உள்ளே வெகு ஆழத்தில் மூளை. ரவை நசுங்காமல், திசை மாறாமல் அத்தனை தூரம் போக வேண்டும். அதற்கு வழி செய்தது புகையில்லா மருந்து. 1889இல் வந்த கார்டைட், சேமியாவை வெட்டி அடுக்கியது போல நூல் நூலாக இருக்கும். 1898இல் ஜான் ரிக்பி கம்பெனி இந்த 'நைட்ரோ' மருந்தை நீண்ட 450 கூட்டுக்குள் அடைத்தது. இங்கே எண் குழல் வாயின் அகலம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். 480 கிரெய்ன் ரவை, அதாவது 31 கிராம். நொடிக்கு 2150 அடி வேகம். ஒன்பதரைக் கிலோ பீரங்கி செய்த வேலையை அதில் பாதி எடையுள்ள இரட்டைக் குழல் ரைபிள் செய்தது. இரண்டு குழல் இருப்பதன் நோக்கம், முதல் குண்டு தவறினால் இரண்டாவதற்குக் கையை அசைக்கக்கூட வேண்டாம் என்பதுதான்.

கூடு ஏன் அத்தனை பெரிது என்று கேட்டால், வெயில். கார்டைட்டுக்குச் சூடு ஆகாது. இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காக வெடிக்கும் தோட்டா, இந்திய வெயிலிலோ நம் ஊர்ப் புழுக்கத்திலோ கிடந்தால் அழுத்தம் ஏறிவிடும். பித்தளைக் கூடு குழலுக்குள் உப்பி ஒட்டிக்கொள்ளும். எதிரே யானை நிற்க, பழைய கூட்டை வெளியே எடுக்க முடியாமல் ஒருவன் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதனால்தான் மருந்துக்கு உள்ளே நிறைய இடம் விட்டார்கள்.

இப்படி 450 ராஜாவானது. வேட்டைக்குக் கிளம்பும் எந்தத் துரையும் அதைத்தான் கேட்டான். ஒன்பதே ஆண்டுகள்.

பிரிட்டிஷ் பட்டாளத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கும் அதே 450 ரவைதான். பட்டாளம் புதிய 303க்கு மாறியபின் மார்ட்டினிகள் கைமாறிக் கைமாறி உலகமெங்கும் சிதறின. மஸ்கட் துறைமுகம் வழியாக இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பழங்குடிகளிடம் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தன. துப்பாக்கி இருக்கிறது, தோட்டா இல்லை. சர்க்காருக்கு வயிற்றைக் கலக்கியது அங்கேதான். வேட்டைத் தோட்டா மார்ட்டினிக்குள் அப்படியே நுழையாது, ரொம்ப நீளம். ஆனால் ரவையைப் பிடுங்கி வேறு கூட்டில் வைத்தால்? 1907இல் உத்தரவு வந்தது: இந்தியாவுக்குள் 450 துப்பாக்கியும் தோட்டாவும் இனி வரக்கூடாது. சூடானுக்கும் அதே கதிதான்.

1878 ஆயுதச் சட்டம் இந்தியன்தான் உரிமம் வாங்க வேண்டும் என்றது, வெள்ளைக்காரனுக்கு விலக்கு. அப்படி ஊரானுக்குப் போட்ட பூட்டில் இந்த முறை துரையின் விரலும் மாட்டிக்கொண்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

லண்டன், பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கோ சிரிப்பு வரவில்லை. பெரிய வாடிக்கை இந்தியா. ஆளுக்கு ஒரு புது எண்ணைத் தேடி ஓடினார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 465 கொண்டுவந்தது, ஜெஃப்ரி 475, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 476. ஜோசப் லாங் கொண்டுவந்ததுதான் 470. எல்லாம் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் ஒரே குடும்பம். 470இன் ரவை 500 கிரெய்ன், வேகம் அதே 2150 அடி. பழைய 450ஐவிட இருபது கிரெய்ன் அதிகம், எங்கள் கிரியான் வயலில் ஐம்பது நெல்மணி எடை. யானைக்கு அந்த ஐம்பது நெல்மணி தெரியுமா? எண்ணே ஒரு சாக்குத்தான். 470 என்று பெயரிட்ட ரவையை அளந்தால் 475க்குப் பக்கத்தில் வரும். 450ஆக இல்லாதவரை சர்க்காருக்குச் சரி.

லாங் தன் தோட்டாவை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்த விட்டார். பலர் அதற்குத் துப்பாக்கி செய்தார்கள், ஊருக்கு ஊர் தோட்டா கிடைத்தது. 470 நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். காட்டில் நிற்பவனுக்குச் சிறந்த தோட்டாவைவிடப் பக்கத்து ஊரில் கிடைக்கும் தோட்டா மேல்.

அதே 1907இல் ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்குப் பரிசாக ஒரு ரிக்பி கிடைத்தது. 275. ரவை ஏழு மில்லிமீட்டர்தான். புலிக்கு அது போதும், ரவையின் மூக்கு மட்டும் மென்மையாக இருந்தால். உடம்புக்குள் போனதும் பூவாக விரியும் அந்த மென்மூக்கு ரவைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது கல்கத்தா பக்கத்து டம்டம் தொழிற்சாலை. அதுவும் எல்லைப் பழங்குடிகளைச் சுடுவதற்காகச் செய்ததுதான். 1899 ஹேக் மாநாடு போரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. புலிகள் சார்பில் அங்கே யாரும் போகவில்லை.

மலாயாக் காட்டில் எதை எடுப்பது என்பது வேறு கணக்கு. ஆப்பிரிக்கப் புல்வெளி மாதிரி இங்கே தூரம் கிடையாது. செலாடாங், நம் காட்டெருமை, பத்துப் பதினைந்து அடி தள்ளி இலைக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அடிபட்டால் ஓடாது, காத்திருந்து குத்தும். 1897இல் பஹாங்கில் அப்படிக் குத்துப்பட்டுச் செத்தவர் சைய்யர்ஸ், கூட்டு மலாய் மாநிலங்களின் போலீஸ் தலைவர். நூறு கெஜத்துக்கு நேராகப் போகும் ரவை இங்கே யாருக்கு வேண்டும்? பத்தடியில் தோள் எலும்பை முறித்து அந்த இடத்திலேயே நிறுத்தும் எடைதான் வேண்டும்.

இதையெல்லாம் அனுபவித்து எழுதியவர் தியோடர் ஹப்பேக். யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905இல் அவர் புத்தகம் வந்தது. ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடத்தை வரைந்தாரே ஆர்தர் ஹப்பேக், அவருடைய தம்பி. இந்தத் தம்பிதான் பின்னால் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காட்டுக்காக வழக்காடினார். 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு விசாரணைக் குழுவின் சார்பில் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டு, மூன்று தொகுதி அறிக்கை எழுதினார். இன்றைய தாமான் நெகாரா அவர் விடாமல் நச்சரித்து வாங்கியது. தோட்டக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. அவர்களுக்கு யானை என்றால் மிதிபட்ட ரப்பர்க் கன்று.

இந்தியாவில் கதை இன்னொரு சுற்று வந்தது. பட்டாளத் தோட்டா பொதுமக்களிடம் இருக்கக் கூடாது என்ற விதி 303ஐயும் பிடித்தது. அதனால் ஆஸ்திரியாவின் பழைய மன்லிக்கர் தோட்டாவுக்கு 315 என்று பெயர் போட்டு, சுதந்திர இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலையே ரைபிள் செய்து விற்றது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை போய்விட்டது. 315 இன்னும் இருக்கிறது.

எங்கள் ஊரில் இப்போது பன்றிக்குப் பன்னிரண்டு நம்பர் மட்டும்தான், அதுவும் லைசென்ஸ் உள்ளவர்களிடம். துரையின் ரைபிள் எங்கே போயிற்று என்று பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. தோட்டத்துக்குள் யானை வந்தால் பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்கு இலாகாவைக் கூப்பிடுவார்கள். 1974இல் அவர்கள் யானைப் பிரிவு தொடங்கியபோது அஸ்ஸாமிலிருந்து பழக்கிய யானைகளைக் கொண்டுவந்தார்கள். பிடித்த யானையை அந்தப் பழக்கிய யானைகளோடு சேர்த்துக் கட்டிக் காட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அதற்கு முன் மயக்க ஊசி. துப்பாக்கியில்தான் அதுவும் போகிறது. ஒருவர் தள்ளி நின்று யானையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார், இரண்டு டன்னா மூன்று டன்னா என்று கண்ணாலேயே எடை போடுகிறார். அதற்கப்புறம்தான் ஊசிக்குள் மருந்து ஏறுகிறது.