சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையிலிருந்து மின்சாரம்

கேரவன்னு சொன்னதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கிற ஏசி வண்டிதான் ஞாபகம் வரும். பக்கத்திலேயே ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு இருக்கும். இன்னைக்கு நான் பேசப்போவது அதைப் பற்றி இல்லை. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன டிராவல் டிரெய்லரைப் பற்றி. ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு மடக்கு மேசை, அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது. அதைக் காட்டோரம் நிறுத்திவிட்டுப் படுத்தால், ராத்திரி போனுக்கு எங்கிருந்து சார்ஜ் வரும்?

1936இல் வாலி பையம் என்பவர் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற டிரெய்லரைக் கொண்டுவந்தார். அலுமினிய உடம்பு, நாலு பேர் படுக்கலாம், மின்விளக்கு உண்டு. விலை 1,200 டாலர். ஆனால் அந்தக் காலத்து டிரெய்லரில் மின்சாரத்துக்குப் பெரிய வேலையே இல்லை. ராத்திரி ரெண்டு பல்பு எரிந்தால் போதும். சமையல் கேஸில். பின்னாட்களில் வந்த ஃப்ரிட்ஜும் கேஸில்தான் ஓடியது. நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்கும் அந்த வித்தையை 1922இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்று இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். இந்தக் கதையில் கேஸ் ஃப்ரிட்ஜுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அது இல்லையென்றால் டிரெய்லர்காரர்கள் பேட்டரியோடு முப்பது நாற்பது வருஷம் முன்னாடியே மல்லுக்கட்டியிருப்பார்கள்.

அப்போது கார்களில் 6 வோல்ட் பேட்டரி. 1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. டிரெய்லருக்காக யாரும் மாற்றவில்லை. புதிய பெரிய எஞ்சின்களைச் சுற்றி ஸ்டார்ட் பண்ண 6 வோல்ட்டுக்குத் திராணி போதவில்லை. ஆனால் லாபம் டிரெய்லருக்கும் சேர்ந்து வந்தது. 60 வாட் வேண்டுமென்றால் 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடணும், 12 வோல்ட்டில் 5 போதும். கரண்ட் பாதியானால், அதே ஒயரில் சூடாகி வீணாகும் மின்சாரம் கால்வாசிதான். காரின் பேட்டரியிலிருந்து நீளமாக ஒயர் இழுத்துப் பின்னால் வருகிற வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பையமுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: டிரெய்லர் யாருடைய பிளக்கையும் நம்பி நிற்கக்கூடாது. 1959இல் 41 டிரெய்லர்களோடு கேப்டவுனிலிருந்து கெய்ரோவுக்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே கிளம்பினார். அந்தப் பாதையில் கேம்ப் கிரவுண்டும் கிடையாது, பிளக் பாயின்ட்டும் கிடையாது. கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்டணும்.

இப்போது அந்த ஓட்டைக்கு வருவோம். கார் டேஷ்போர்டில் சிகரெட் லைட்டர் என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே அழுத்தினால் கம்பிச்சுருள் சிவக்கும், பிடித்திருக்கும் உலோகத் தகடு சூட்டில் விரிந்து விட்டுவிடும், லைட்டர் தானே வெளியே துள்ளும். சில நொடி சூடு கொடுப்பதற்காகச் செய்த குழி அது. பிளக் மாட்டுவதற்காக யாரும் அதை வடிவமைக்கவில்லை. ஆனால் காருக்குள் சராசரி மனிதன் கைக்கு எட்டுகிற 12 வோல்ட் அது ஒன்றுதான். அதனால் டார்ச், டிவி, அப்புறம் செல்போன் சார்ஜர் எல்லாம் அதிலேயே போய்ச் சொருகிக்கொண்டன. வண்டி குலுங்கினால் பிளக் நழுவும். நடுமுனையில் உள்ள ஸ்பிரிங்கே அதை வெளியே தள்ளும். ஃபியூஸ் போகுதே என்று பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்து உருகப்போவது சுவருக்குள் இருக்கிற ஒயர். மரப்பலகைச் சுவருக்குள் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த சிக்கல் பேட்டரி. நம்ம வீட்டில் பவர்கட் காலத்தில் வாங்கிப்போட்ட இன்வர்ட்டர் பேட்டரியை நினைத்துக்கொள்ளுங்கள், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவோமே, அதே குடும்பம்தான். 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் என்றால் கணக்குப்படி 1,200 வாட் ஹவர். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆக கையில் இருப்பது 600. போனுக்கு இது யானைப்பசிக்குச் சோளப்பொரி இல்லை, தலைகீழ்: போன் ஒரு தடவை நிரம்ப 15, 20 வாட் ஹவர்தான். லேப்டாப் அதைப்போல மூணு நாலு மடங்கு.

யாருக்கு இது உண்மையான கவலை என்றால், தூக்கத்தில் மூச்சு அடைபடுபவர்களுக்கு. 1980களின் தொடக்கத்தில் சிட்னியில் காலின் சல்லிவன் உருவாக்கிய சிபாப் மெஷினை ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்கணும். 30 வாட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 240. காற்றை ஈரமாக்கும் ஹீட்டரையும் போட்டால் இன்னும் ஏறும். ரெண்டாவது ராத்திரி முடிவதற்குள் பேட்டரி கைவிரித்துவிடும். அவர்களுக்குக் காட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்பதையே பேட்டரிதான் முடிவு செய்தது.

விடிவு மூன்று பக்கத்திலிருந்து வந்தது. 1954 ஏப்ரலில் பெல் லேப்ஸ் காட்டிய சிலிக்கான் சோலார் செல் வெயிலில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது; அதன் வாரிசுகள் இன்று டிரெய்லர் கூரையில் படுத்திருக்கின்றன. எல்இடி வந்து, 18 வாட் குடித்த பழைய பல்பின் வேலையை 2, 3 வாட்டில் முடித்தது. மூன்றாவது, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. டெக்சாஸில் குட்இனஃப் குழு 1997இல் வெளியிட்ட கட்டுரையில் பாதி, நஞ்சுண்டசுவாமி என்று நம்ம நாட்டுப் பெயர்கள் இருக்கும். எடை குறைவு, ஏறக்குறைய முழுவதையும் செலவழிக்கலாம்.

ஆனாலும் ஒரு பைத்தியக்காரத்தனம் பாக்கி இருக்கு. பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வர்ட்டரில் 120 ஆக்கி, அடாப்டரில் மறுபடி 20 ஆக இறக்கி லேப்டாப்புக்குக் கொடுக்கிறார்கள். ரெண்டு இடத்திலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். 2012இல் வந்த யுஎஸ்பி பவர் டெலிவரி இதைக் குறுக்குவழியாக்கியது: 12 வோல்ட்டிலிருந்தே நேராக லேப்டாப்புக்கு. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பாவில் விற்கும் புது போன்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். இப்போது டிரெய்லர் சுவரிலேயே அந்தச் சின்ன நீள்வட்டத் துளையைப் பதித்து விற்கிறார்கள். ஆனால் பல வண்டிகளில் அதற்குப் பக்கத்திலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று, அந்தப் பழைய உருண்டை ஓட்டையும் இருக்கும்.