கறிவேப்பிலை: கப்பலில் ஏறாத இலையின் வரலாறு

கறிவேப்பிலை என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றாடச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கப்படும் இலையாகும். இலையின் அமைப்பு வேம்பை ஒத்திருப்பதால் பெயரில் வேம்பு ஒட்டிக்கொண்டதே தவிர, இது வேம்பின் இனம் அன்று. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பவருக்கு இந்த உறவு வியப்பளிக்காது.

'கறி' என்ற முன்னொட்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கறிக்குப் பயன்படும் வேம்பிலை என்பது ஒரு விளக்கம். 'கருவேம்பு' என்பதே மூலம், கரும்பச்சை நிறத்தால் வந்த பெயர் என்பது மற்றொன்று. கன்னடத்தில் கரிபேவு, தெலுங்கில் கரிவேப்பாகு, மலையாளத்தில் கறிவேப்பில என வழங்குவதால் பெயர் பழமையானது என்பது தெளிவு. பேச்சு வழக்கில் கருவேப்பிலை என்று சொல்பவர்களைத் திருத்த வேண்டிய தேவையில்லை.

பழந்தமிழ் நூலில்

பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியிலுள்ள ஊர்களில் என்னென்ன உணவு பெறுவான் என்பதை அது வரிசையாகச் சொல்கிறது. அந்தணர் குடியிருப்பில் கிடைக்கும் உணவைக் கூறும் இடத்தில், மாதுளங்காயைப் பிளந்து, மிளகுப்பொடியும் 'கஞ்சகம்' என்னும் மரத்தின் நறுமண இலையும் கலந்து, வெண்ணெயில் வேகவைத்த பொரியல் வருகிறது. தொட்டுக்கொள்ள மாவடு ஊறுகாயும் உண்டு. கஞ்சகம் என்பதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கருவேம்பு என்றே பொருள் கொள்கிறார். அப்பாடலில் 'கறி' என்ற சொல் மிளகைக் குறிக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மிளகாய் இந்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கொழுப்பில் இந்த இலையைச் சேர்த்து மணமூட்டும் முறை இங்கே இருந்திருக்கிறது. இன்றைய தாளிதம் அதிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை.

தரங்கம்பாடியிலிருந்து சுவீடனுக்கு

ஐரோப்பிய அறிவியலுக்குள் இம்மரம் நுழைந்த வழியும் தமிழ்நாட்டைச் சார்ந்ததே. லின்னேயசின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக், 1768ஆம் ஆண்டு டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றி, 1785இல் இந்தியாவிலேயே இறந்தார். இங்கிருந்த செடிகளை அவர் தம் ஆசிரியருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1771இல் லின்னேயசு கறிவேப்பிலை மரத்துக்குப் 'பெர்கெரா கோனிகி' எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் இது 'முர்ராயா கோனிகி' ஆயிற்று. அந்த முர்ராயும் லின்னேயசின் மற்றொரு மாணவரே. அண்மைய மரபணு ஆய்வுகளுக்குப் பின் பெர்கெரா என்ற பழைய பேரினத்துக்கே இதைத் திருப்ப வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. எப்படியாயினும் கோனிகின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மிளகும் ஏலமும் இலவங்கமும் ஐரோப்பியக் கப்பல்களை நிறைத்தபோது கறிவேப்பிலை மட்டும் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. காரணம் எளியது. உலர்ந்தால் இதன் மணத்தில் பெரும்பகுதி போய்விடும். மாதக்கணக்கான கடற்பயணத்தைத் தாங்காது. 1747இல் லண்டனில் வெளிவந்த ஆனா கிளாசின் சமையல் நூலில் இந்திய முறைக் 'கறி' செய்யும் குறிப்பு இருக்கிறது, மிளகும் கொத்தமல்லி விதையும் இருக்கின்றன, கறிவேப்பிலை இல்லை. தகர டப்பாக்களில் உலகெங்கும் போன 'கறிப்பொடி'யில் இந்த இலையின் வாசனையை எதிர்பார்ப்பது வீண்.

வணிகர்கள் கொண்டுபோகாததைக் கூலிகளாகச் சென்றவர்கள் கொண்டுபோனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரிசியசு, ரீயூனியன், மலாயா, நேட்டால் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் குடியேறிய இடங்களில் இம்மரமும் வேர்விட்டது. மொரிசியசின் கிரியோல் மொழியில் இதற்குக் 'காரிப்பூலே' என்று பெயர், ரீயூனியனில் 'கலூப்பிலே'. தமிழ் பேசுவதை மறந்துவிட்ட குடும்பங்களின் வாயிலும் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறது.

உடல்நலமும் மிகைக்கூற்றும்

பசியைத் தூண்டவும் செரிமானத்துக்கும் கறிவேப்பிலையைச் சுக்கு, மிளகு, சீரகத்தோடு பொடித்துச் சூடான சோற்றில் பிசைந்து உண்பது வீட்டு வைத்தியமாக நெடுங்காலம் இருந்து வருகிறது. இலங்கையில் சிங்களவர் இதன் சாற்றைச் சேர்த்துக் காலைக் கஞ்சி காய்ச்சுகின்றனர்.

வேதியியலிலும் இந்த இலைக்குத் தனி இடம் உண்டு. கார்பசோல் என்னும் சேர்மம் 1872இல் நிலக்கரித் தாரிலிருந்து பிரிக்கப்பட்டது. அந்த வகை ஆல்கலாய்டு தாவரத்தில் முதலில் கண்டறியப்பட்டது கறிவேப்பிலை மரத்தில்தான். 1965இல் சக்கரவர்த்தி குழுவினர் அதை முர்ராயனின் என்ற பெயரில் வெளியிட்டனர். மகாநிம்பின், கிரிநிம்பின் எனப் பலவும் இம்மரத்திலிருந்து பிரிக்கப்பட்டன. சர்க்கரை நோய் தொடர்பாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிடம் நடந்தவை. மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மெல்லலாம் என்பதற்கு அவை சான்று ஆகா. நரையைப் போக்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

சத்துக் கணக்கையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 100 கிராம் இலையில் 830 மில்லிகிராம் கால்சியம் என்று பழைய உணவு அட்டவணை கூறுகிறது. ஆனால் ஒரு குழம்பில் விழும் ஓர் ஈர்க்கு இலையின் எடை ஒன்றிரண்டு கிராம்தான். அதையும் பலர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். 'கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிட்டார்கள்' என்ற வழக்கே அப்படி வந்தது. மேலும் இலையில் உள்ள ஆக்சலேட், கால்சியம் முழுவதும் உடலில் சேராமல் தடுக்கிறது. சத்து வேண்டுமென்றால் துவையலாகவோ பொடியாகவோ அரைத்து உண்பதே பயன் தரும்.

கொசுறாக இருந்தது

காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கொடுப்பது தமிழ்நாட்டுச் சந்தை வழக்கம். இன்று அது தனிப்பயிர். கோவை மாவட்டம் காரமடைப் பகுதியில் செங்காம்பு வகை தோட்டமாகப் பயிரிடப்படுகிறது. தோட்டப் பயிரானதும் பூச்சிமருந்தும் வந்தது. எச்சம் மிகுந்திருந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையைக் கூடுதல் சோதனைக்கு உட்படுத்தியது. கடையில் வாங்கும் இலையைப் பலமுறை கழுவுவது நல்லது.

அமெரிக்காவில் சிக்கல் வேறு. எலுமிச்சை இனங்களை அழிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சி இந்த இலையையும் விரும்பி உண்ணும். அப்பூச்சி 1998இலும் நோய் 2005இலும் புளோரிடாவில் கண்டறியப்பட்டன. பயணப்பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோனால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்யப்படும். அதனால் அங்குள்ள பலர் உள்ளூரிலேயே தொட்டியில் வளர்க்கிறார்கள். விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடுவதால், பழுத்துக் கறுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். பெரிய மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுவது அதைவிட எளிது.