கல்கத்தா கதவடைத்தது, செராம்பூர் திறந்தது

1845-இல் டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடியோடு சேர்த்து செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்ற கதையைத்தான் இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ஆனால் விலைபோன சரக்கு என்னவென்று தெரியாமல் விற்பனையைப் பேசிப் பயனில்லை. ஹூக்ளியின் மேற்குக் கரையில் 1755-இல் டேனிஷ் கொடி ஏறிய நாளிலிருந்து செராம்பூர் ஒரே முதலில்தான் பிழைத்தது: கல்கத்தா எதைத் தடுத்ததோ, அதை அனுமதிப்பது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டபோது நடுநிலைக் கொடி கட்டிய கப்பல்களுக்குக் கிராக்கி ஏறியது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களே தாங்கள் சுருட்டிய பணத்தை அவற்றின் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கல்கத்தாவில் கடன்பட்டவர்களும் இங்கே வந்து ஒளிந்தார்கள். பாதிரிமார் வந்ததும் இதே வாசல் வழியாகத்தான். 1799-இல் வந்திறங்கிய மார்ஷ்மன், வார்டு குழுவினரைக் கம்பெனி விரட்டப் பார்த்தபோது, டேனிஷ் கவர்னர் ஓலே பீ அசைந்து கொடுக்கவில்லை. எதிர்க்கரையான பாரக்பூரில் ஆங்கிலப் படை முகாமிட்டிருக்க, இந்தக் கரையில் ஒரு சின்ன அதிகாரி காட்டிய பிடிவாதம் அது. என் கணக்கில் இந்தத் தொடரின் அசல் நாயகர்களில் அவரும் ஒருவர்.

ஊரையும் அதன் அச்சகத்தையும் வளர்த்தது கொடியல்ல, பாதிரி வில்லியம் கேரியின் மேதைமை என்பார்கள். அப்படியானால் 1793-லேயே வங்கத்துக்கு வந்துவிட்ட அதே கேரியால், வடக்கே அவுரித் தொழிற்சாலை வேலையில் கழித்த ஆண்டுகளில் ஏன் ஒரு அச்சகத்தை நிலைநிறுத்த முடியவில்லை? 1800-இல் அவர் செராம்பூருக்குக் குடிவந்த பிறகுதான் அச்சகம் எழுந்தது. அதற்கு உயிர் கொடுத்தவரோ பஞ்சானன் கர்மகார். கொல்லர் மரபில் வந்த அந்த மனிதர், 1778-இல் ஹால்ஹெட்டின் வங்க இலக்கண நூலுக்காக வில்கின்ஸுடன் சேர்ந்து எழுத்து வெட்டியவர். எஃகு முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அறைந்து, அந்த அச்சில் ஈயக் கலவையை ஊற்ற வேண்டும். உயிர்மெய்யும் கூட்டெழுத்தும் மலிந்த லிபிக்கு நூற்றுக்கணக்கில் இப்படிச் செய்தாக வேண்டும். நாகரி எழுத்தையும் வெட்டத் தொடங்கிய பஞ்சானன் சில ஆண்டுகளிலேயே மறைந்தார். மருமகன் மனோகர் தொடர்ந்தார். 1812 மார்ச்சில் அச்சகம் தீக்கிரையாகி, காகிதமும் கையெழுத்துப் படிகளும் எழுத்துகளும் அழிந்தன. ஆனால் இடிபாட்டுக்குள் வெட்டுமுனைகளும் செப்பு அச்சுகளும் தப்பிக் கிடந்தன. சில மாதங்களில் எழுத்துகள் மீண்டும் வார்க்கப்பட்டன. ஏறத்தாழ 40 மொழிகளில் நூல் வெளியிட்ட பெருமை முழுவதையும் பாதிரிமார் கணக்கில் எழுதிவிட்டு, இந்த மாமனார் மருமகனை அடிக்குறிப்பில் அடைப்பது அநியாயம்.

1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் வசமிருந்தும் அச்சகம் ஓடியதே, அப்போது டேனிஷ் கொடி எதற்கு என்று கேட்கலாம். நாற்றுக்குத்தான் வேலி வேண்டும். 1808-இல் அது மரமாகியிருந்தது. வேலி தேவைப்படாமல் போனதிலேதான் செராம்பூரின் சரிவும் இருக்கிறது. 1813 சாசனச் சட்டம் பாதிரிமாருக்குக் கம்பெனி ஆட்சிப் பகுதியையே திறந்துவிட்டது. ஐரோப்பியப் போர்களும் ஓய்ந்ததால் நடுநிலைக் கப்பலுக்கும் வேலையில்லை. 1818-இல் கல்லூரியும் ‘சமாச்சார் தர்பண்’ இதழும் பிறந்து ஊரின் பெயர் உச்சத்துக்குப் போனபோதே, கொடியின் விலை இறங்கத் தொடங்கிவிட்டது. தடை இல்லாத இடத்தில் அனுமதியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? விற்பனைப் பேரம் அடுத்த வாரம்.