அரசி வீட்டு மாப்பிள்ளை

அரசவைக் கற்பனைக் கதைகளில் காதல் ஏன் மெல்லக் கனிய வேண்டும்? இரண்டு பேர் வெட்கப்பட்டுத் தயங்கினால் மட்டும் கதை நிற்காது. அவர்களைத் தயங்க வைக்கும் நிலமும் உரிமையும் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். கிழக்கிலங்கைக் கரையோரப் பழங்கதைகள் இதை நன்றாக அறிந்திருந்தன. குளக்கோட்டன் மரபில் வரும் ஆடகசவுந்தரியையே எடுத்துக்கொள்வோம். கலிங்கத்தில் பிறந்து, சோதிடர் சொல்லால் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டவள், கரையொதுங்கி வளர்ந்து உன்னரசுகிரியின் அரசியாகிறாள். திருகோணமலையில் கோயில் திருப்பணி செய்ய வந்த குளக்கோட்டனை விரட்டப் படை அனுப்புகிறாள். அந்தப் பகை தணிந்த பின்னரே திருமணம். நாடு அவளுடையது என்பதால், வந்தவன்தான் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களின் பூர்வீகக் கதையும் இதே வழியில்தான் போகிறது. முக்குவர், திமிலர் என்ற இரு சமூகங்களுக்கிடையே மூண்ட போரில் பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள். அந்த உதவிக்குக் கைமாறாக முக்குவப் பெண்களை மணந்து இந்த மண்ணிலேயே தங்கினார்கள். இங்கும் முதலில் போர், பிறகு உடன்பாடு, அதன் பிறகே மணம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று மக்களுக்கு இந்த வரிசை விசித்திரமாகப் பட்டிருக்காது. இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியில் வருகிறது. மரபுப்படி, பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காயர் குடியின் பெயரால் அமர்கிறார். வீடு மகளுக்குச் சீதனமாகிறது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் திரட்டிய நாட்டார் கவிகளில் காதலர் மச்சான், மச்சி என்று விளித்துக்கொள்வதிலும் இந்த உறவு ஒழுங்கு உண்டு. ஆசை பிறந்துவிடலாம், அது நிறைவேற உம்மாவின் சம்மதமும் குடியின் சம்மதமும் வேண்டும்.

இந்தக் கதைகளைச் சொல்லும் 'மட்டக்களப்பு மான்மியம்' 1962 இல்தான் நூலாக அச்சேறியது, அதை வரலாறாக எப்படிக் கொள்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. குளக்கோட்டனின் ஆண்டுகளை இந்த மரபிலிருந்து கணக்கிட நானும் துணியமாட்டேன். 1626 இல் கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்ற போர்த்துக்கேயக் குறிப்பு வேறு வகைச் சான்று. அதைப் பட்டாணியர் கதையோடு குழப்பக் கூடாது. ஆனால் ஒரு கதை நடந்ததா என்பது ஒரு கேள்வி. கேட்டவர்கள் அதை ஏன் நம்பத்தகுந்ததாகக் கொண்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இந்த மரபே நேர்ச்சாட்சி. அந்நிய வீரன் அரசியை மணப்பது உலகெங்கும் உள்ள கதைதானே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். எனினும், பேழையில் வந்த பெண் அரியணையில் அமர்ந்து, படை அனுப்பி, பின்பு இணங்குகிற இந்த ஒழுங்கு, பெண் வழியே வீடும் குடியும் இறங்கும் ஊர்களில் தனிப் பொருள் பெறுகிறது. அதனால்தான் இங்கே காதலின் தாமதம் செயற்கையாகத் தோன்றுவதில்லை. அரசவைக் கதை எழுத நினைக்கும் நம் இளையவர்கள் வெளிநாட்டுக் கோட்டைகளுக்குப் போகுமுன் ஆடகசவுந்தரியைப் படிக்கட்டும். தம் ஊர் மூத்தம்மாமாரிடம் குடிக் கதைகளைக் கேட்டு எழுதி வைக்கட்டும்.