கல்வெட்டும் நிழலும்

அத்திப்பட்டு ரயில் நிலையத்துக் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது கதிரவன் உச்சிக்கு வந்துவிட்டதென்றே நாம் எண்ணுகிறோம். வெளியில் ஒரு கோலை நட்டு அதன் நிழலைப் பாருங்கள். ஆண்டின் சராசரிக் கணக்கில், உண்மையான நண்பகல் சுமார் 9 நிமிடங்கள் கழித்தே வருகிறது. நம் கடிகாரங்கள் 1906 முதல், நமக்குக் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதே இதற்குக் காரணம். அதற்கு முன் இந்திய ரயில்கள் பலவும் 'சென்னை நேரப்படி' ஓடின. அந்நேரத்தைக் கணித்துத் தந்தது நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடம்.

வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் தொடங்கிய அப்பணி, 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கூடமாக நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறிக்கும் தொலைநோக்கி சிறிதும் அசையலாகாது. எனவே ஏறக்குறைய 15 அடி உயரமும் 10 டன் எடையும் உள்ள கருங்கல் தூண் ஒன்றின்மேல் அதனை அமைத்தனர். வானாய்வுப் பணி 1899இல் கொடைக்கானலுக்குச் சென்றது. தூண் மட்டும் வானிலை மைய வளாகத்தில், அத்தொலைநோக்கியின் நினைவுச்சின்னமாக நிற்கிறது.

தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் அதில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆங்கிலேயரின் தாராளத்தால் ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கமென அக்காலக் குறிப்பு கூறுகிறது.

முதன்முதலாகவா? 1689இல் இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் நோக்கியபோது, ஆல்பா சென்டாரி ஒன்றல்ல, இரட்டை விண்மீன் எனக் கண்டார். நுங்கம்பாக்கத் தூணுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, இரண்டாம் ஜெய்சிங் மன்னர் ஜெய்ப்பூரில் சுமார் 27 மீட்டர் உயரமான சூரியக் கடிகாரத்தைக் கட்டினார். அவர்களுக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவர் ஆரியபட்டர்.

அதே நுங்கம்பாக்கத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். தூண் எழுந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பின் நிகழ்ந்த அச்சாதனையை அக்கல் எவ்வாறு அறியும்?

கல்லில் பொறித்தவை யாவும் வரலாறு ஆகிவிடா. பொறித்தவர் அறிந்ததும் விரும்பியதுமே அதில் இடம்பெறும். எனினும் அத்தூணை வெறுக்க வேண்டியதில்லை. உண்மையான உழைப்பை அது தாங்கியது. பெருமிதத்தைக் கழித்துவிட்டு உழைப்பை மட்டும் ஏற்றுக்கொள்வதே நன்றியுள்ள வாசிப்பு. அதன்மேல் படும் வெயிலோ, ஆண்டோர் மாறியபோதும் கடிகாரம் மாறியபோதும், தன் நண்பகலை மாற்றிக்கொள்ளவில்லை.