கப்பலில் பசுமாடு ஏற்றிய அப்பா

வர்ற கோடை லீவுக்கு அலாஸ்காவுக்குக் கப்பல்ல போலாம்னு தங்கமணி ஆரம்பிச்சு வெச்சாங்க. அன்னிலேர்ந்து பசங்க தூங்கினப்புறம் எங்க வீட்டுல தினமும் ஆராய்ச்சிதான். எந்தக் கப்பல், எந்த ரூட், ஜன்னல் ரூமா பால்கனி ரூமா... எட்டு வயசுப் பையனுக்கு ஒரே கேள்வி: "கப்பல்ல வாட்டர் ஸ்லைடு இருக்கா?" நாலு வயசுப் பொண்ணுக்குப் பெங்குவின் பாக்கணும். அது பூமிக்கு அந்தக் கோடியில இருக்கும்மா, அலாஸ்காவுல கிடையாதுன்னு சொன்னா அழுகை.

விலைப்பட்டியலைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போய், வழக்கம்போல சரித்திரத்துக்குள்ள புகுந்துட்டேன். குழந்தை குட்டிகளோட இந்தக் குளிர்ல கப்பல் ஏறினவங்க முன்னாடி யாராவது உண்டா? உண்டு. அதுவும் சாதாரண ஆள் இல்லை.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி. அலாஸ்காவை அமெரிக்கா 1867-ல் ரஷ்யாகிட்டேருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1879-ல் ஜான் மியூர் என்கிற இயற்கைப் பித்தர், பழங்குடி வழிகாட்டிகளோடு தோணியில் போய் கிளேசியர் பே பனியாறுகளைப் பார்த்து எழுதினார். 1883-ல் எலைசா சிட்மோர் என்ற பத்திரிகைக்காரப் பெண்மணி நீராவிக் கப்பலில் அதே இடத்துக்குப் போய்வந்து, 1885-ல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். (வாஷிங்டன் நகரத்துக்கு ஜப்பானிய செர்ரி மரங்கள் வரணும்னு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவரும் இவர்தான்!) அப்புறம் கேட்கணுமா, வெயில் காலம் வந்தா டூரிஸ்ட் கப்பல்கள் வரிசை கட்ட ஆரம்பிச்சாச்சு.

இப்ப நம்ம ஹீரோ. எட்வர்ட் ஹாரிமன், யூனியன் பசிபிக் ரயில்வேயைக் கையில் வைத்திருந்த கோடீஸ்வரர். 1899-ல் அவருக்கு வயசு 51. ஓயாத உழைப்பு. டாக்டர்கள், "ஐயா, கொஞ்ச நாள் எல்லாத்தையும் விட்டுட்டு ஓய்வெடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. சரி, குடும்பத்தோட அலாஸ்கா போவோம், ஒரு கோடியாக் கரடியையும் சுட்டுட்டு வருவோம்னு முடிவு பண்ணினார்.

நாமா இருந்தா ஒரு டிக்கெட் எடுப்போம். அவர் ஜார்ஜ் டபிள்யூ. எல்டர் என்கிற நீராவிக் கப்பலையே எடுத்தார். மனைவி, ஐந்து குழந்தைகள். அதில் ஆவரெல் என்ற பையனுக்கு 7 வயசு, கடைக்குட்டி ரோலண்டுக்கு 3. இவ்வளவு பெரிய கப்பல் சும்மாப் போவானேன்னு, நாட்டின் பெரிய விஞ்ஞானிகளையும் ஓவியர்களையும் தன் செலவில் கூட்டிக்கிட்டார். மியூர் வந்தார். ஜான் பரோஸ் என்ற எழுத்தாளர் வந்தார். போட்டோ எடுக்க எட்வர்ட் கர்டிஸ். பறவை வரைய லூயி அகாசிஸ் ஃபுயர்டெஸ். சிப்பந்திகளையும் சேர்த்தா 126 பேர். கீழ்த்தளத்துல 11 கொழுத்த காளைகள், ஆடு, கோழி, வான்கோழி, குதிரைகள், கூடவே ஒரு கறவைப் பசு! வீட்டுல சின்னக் குழந்தை இருக்கிறவங்களுக்கு அந்தப் பசுவோட அருமை தெரியும்.

மே 31, 1899 அன்று சியாட்டிலில் கிளம்பி, ஜூலை 30 அன்று திரும்பினார்கள். இரண்டு மாசம், ஏறக்குறைய 9,000 மைல். கரையில் இறங்கின இடமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் செடி, பறவை, பாறைன்னு ஓடுவாங்க. கப்பலுக்குத் திரும்பினா சாயங்காலம் யாராவது ஒரு விஞ்ஞானி பேசுவார். பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் வரைபடமே முடிஞ்சுபோன இடத்துல, குழந்தைகளை வெச்சுக்கிட்டே, கப்பலை உள்ளே விடச் சொன்னார் ஹாரிமன். உள்ளே யாரும் குறித்து வைக்காத ஒரு நீர்வழி. இன்னிக்கு அதுக்கு அவர் பேர்தான். மனைவி சைபீரியாவைப் பார்க்கணும்னு ஆசைப்பட, கப்பல் அங்கேயும் போச்சு. ஏழு வயசு ஆவரெல் 44 வருஷம் கழிச்சு 1943-ல் மாஸ்கோவுக்கு அமெரிக்கத் தூதராப் போனது தனிக்கதை.

எல்லாம் சுகமில்லை. பெரிங் கடல்ல பரோஸுக்கு வாந்தியான வாந்தி. டச்சு ஹார்பரில் மூட்டையைத் தூக்கிக்கிட்டு நைஸா நழுவப் பார்த்தவரை, மியூர்தான் கையும் களவுமாப் பிடிச்சுத் திரும்பக் கப்பல்ல ஏத்தினார்.

ரெண்டு விஷயம் எனக்கு உறுத்துச்சு. ஹாரிமன் ஆசைப்பட்ட கரடி கோடியாக் தீவில் கிடைத்தது: குட்டியோட நின்ன தாய்க்கரடி. ரெண்டையும் சுட்டார்கள். இன்னொன்று, திரும்பும் வழியில் கேப் ஃபாக்ஸ் பக்கம் டிலிங்கிட் மக்களின் ஊர் ஒண்ணு ஆளரவமில்லாம இருந்தது. கைவிட்ட ஊர்தானேன்னு அங்கே நின்ன டோட்டம் கம்பங்களைப் பெயர்த்துக் கப்பல்ல ஏத்திட்டாங்க. அவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. அந்தச் சந்ததியார்கிட்ட திரும்பி வந்தது 2001-ல்தான். அப்பா அம்மா செய்யறதைப் பக்கத்துல நின்னு குழந்தைங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்திருக்கும்?

ஆனா மியூர் எழுதி வெச்ச ஒரு காட்சி மனசுல ஒட்டிக்கிச்சு. கப்பல் தளத்துல அந்த ரயில்வே ராஜா, ரோலண்டோட பொம்மைத் தோணியை நூல் கட்டி இழுத்துக்கிட்டு, மூணு வயசுக் குழந்தையோட சேர்ந்து குடுகுடுன்னு ஓடிக்கிட்டிருந்தாராம். பத்தே வருஷத்துல, 1909-ல் ஹாரிமன் இறந்துட்டார். ரோலண்டுக்கு அப்ப 13 வயசு.

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி பட்டியலைத் தூக்கி ஓரமா வெச்சேன். எங்க ஆராய்ச்சி அதுக்கப்புறம் வேற மாதிரிப் போச்சு.

முதல்ல ரூட். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடி கட்டினவை. 1886-ல் வந்த ஒரு அமெரிக்கச் சட்டத்தால, சியாட்டில்ல கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் அந்த மாதிரிக் கப்பல் நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆகணும். அதான் பல கப்பல்கள் கடைசி சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் கொஞ்ச நேரம் நிக்குது. அந்த நேரத்துல நம்ம சின்னது தூங்கிடும். (2021-ல் கனடா துறைமுகங்களை மூடினப்ப, இதுக்குத் தற்காலிகமா விலக்குச் சட்டமே போட வேண்டியதாச்சு.) சியாட்டில் கப்பல்கள் வழக்கமா வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கமா, திறந்த கடல்ல போகும். வான்கூவர்லேருந்து கிளம்பினா பெரும்பாலும் தீவுக்கு உள்பக்கம், ஆட்டம் கம்மி. பரோஸை நினைச்சுக்கிட்டோம். வான்கூவர்!

அடுத்து, எங்கே போறது. கிளேசியர் பே-க்குள்ள ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்கு மேல விடமாட்டாங்க. அங்கே போற கப்பல்ல தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் ஏறி வந்து, நாள் முழுக்க விளக்கம் சொல்றாங்க. குழந்தைகளுக்குன்னு தனிச் செயல்புத்தகம், முடிச்சா ஜூனியர் ரேஞ்சர் பட்டம். ஹாரிமன் காசு கொட்டிக் கூட்டிட்டுப் போன விஞ்ஞானிகளுக்குப் பதிலா, நமக்கு இவங்க.

ஒண்ணு மட்டும் கிடைக்காது. ஹாரிமன் பசங்க மியூர் பனியாறு கடல்ல இடிஞ்சு விழறதைக் கப்பல்லேருந்தே பாத்தாங்க. அவங்க போய்வந்த சில வாரத்துல, 1899 செப்டம்பர்ல பெரிய பூகம்பம் வந்து அந்தப் பனியாறு நொறுங்கி, மிதக்கிற பனிக்கட்டியால வருஷக்கணக்கா டூரிஸ்ட் கப்பல் கிட்டப் போக முடியலை. அப்புறமும் பின்வாங்கிக்கிட்டே போய், 1990-களில் அது கடலை விட்டு நிலத்துக்கே ஏறிடுச்சு. இப்பக் கப்பல்கள் பெரும்பாலும் மார்ஜரி பனியாற்றைத்தான் காட்டறாங்க. பனியாறும் காத்திருக்காது, பசங்க வயசும் காத்திருக்காது.

வாட்டர் ஸ்லைடு இல்லாத கப்பலைத்தான் பிடிச்சிருக்கோம். பையன் மூஞ்சி தொங்கிடுச்சு. பசுமாட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நம்ம கப்பல்லயும் மாடு இருக்குமா?"ன்னு கேட்டான். கரடிக்குட்டி கதையைச் சின்னவகிட்ட இன்னும் சொல்லலை.

பி.கு: பொம்மைத் தோணி ஒண்ணு வாங்கியாச்சு. நூலும் :-)