கல்கத்தாவில் பிறந்த சோதனைக் குழாய்க் குழந்தை

1978-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் வங்காளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கல்கத்தா நகரின் தெருக்களிலும் தண்ணீர் புகுந்து நின்றது. அந்த வெள்ளம் வடிந்தும் வடியாமலும் இருந்த வேளையில் நவராத்திரி பிறந்தது. தென் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருந்த தமிழர் வீடுகளில் கொலுப்படி கட்டிப் பொம்மைகளை எடுத்து வைக்கும் நாட்கள் அவை. அக்டோபர் 3-ஆம் தேதி அந்நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பூஜைக் காலத்தில் பிறந்தமையால் துர்கா என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. பத்திரிகைகளும் அப்பெயராலேயே அதனைக் குறிப்பிட்டன. தாயின் உடலுக்கு வெளியே கருவுற்று உலகில் பிறந்த குழந்தைகளுள் அது இரண்டாவது. முதற் குழந்தையாகிய லூயி பிரௌன் இங்கிலாந்தில் ஓல்டாம் என்னும் ஊரில் அதே ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி பிறந்தவள். இரண்டு பிறப்புகளுக்கும் இடையே சென்றவை எழுபதே நாட்கள்.

ஓல்டாமின் கதை உலகறிந்தது. கல்கத்தாவின் கதையோ, அந்நகரிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவரிலும் பலர் அறியாதது. ஆகவே அதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளைப் பேற்றுக்காக நம் முன்னோர் செய்யாதது ஒன்றில்லை. அரசமரத்தைச் சுற்றினார்கள், கோயில் மரத்தில் தொட்டில் கட்டினார்கள், இராமேசுவரத்துக்கு நடந்தார்கள். தசரதன் பெற்ற பாயசத்தையும், காந்தாரியின் நெய்க்குடங்களையும் எடுத்துக் காட்டி, இந்த வித்தை பண்டே நம்மிடம் இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. கவியின் கற்பனைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் மருத்துவத்தின் வரலாறு குறிப்பேட்டில் எழுதி வைத்த சோதனையிலிருந்து தொடங்குவது. குடத்தின் அளவையும் நெய்யின் சூட்டையும் வியாசர் நமக்கு எழுதி வைக்கவில்லை. அந்த விரதங்களில் ஒரு குறையும் இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை பெண்ணின் மீதே சுமத்தப்பட்டன. கணவனிடம் குறை இருக்கக்கூடும் என்ற நினைவே வீட்டில் எவருக்கும் எழாது. குழந்தை இல்லாத தம்பதிகளைச் சோதிக்கையில் காரணம் ஆணிடத்திலும் இருப்பது சர்வ சாதாரணம் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். ‘மலடி’ என்ற சொல் நம் மொழியில் எத்தனை பெண்களை வாட்டியது என்பதற்குக் கணக்கில்லை.

கருவுறுதல் இயற்கையில் எங்கே நிகழ்கிறது? சூலகத்திலிருந்து வெளிப்படும் சினைமுட்டை கருக்குழலுக்குள் வருகிறது. அங்கே விந்தணுவைச் சந்திக்கிறது. கருவான பின் சில நாட்களில் கருப்பையை அடைகிறது. அந்தக் குழல் அடைபட்டுவிட்டால் சந்திப்பே இல்லை. குழலைத் தவிர்த்து, முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிக் கலத்தில் அந்தச் சந்திப்பை நிகழ்த்தினால் என்ன? சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எம். சி. சாங் என்ற அறிஞர் 1959-இல் முயல்களிடம் இவ்வாறு கருவுண்டாக்கிக் குட்டிகளைப் பிறப்பித்துக் காட்டினார். மனித முட்டையைக் கலத்தில் கருவுறச் செய்த செய்தியை 1969-இல் ராபர்ட் எட்வர்ட்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். அதன் பின் கைக்குழந்தையைக் காண எட்வர்ட்சும், மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோவும், அவர்களுக்கு உறுதுணையாயிருந்த ஜீன் பர்டி அம்மையாரும் ஒன்பது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. மருந்து கொடுத்துச் சூலகத்தைத் தூண்டிப் பல முட்டைகளை எடுத்துப் பார்த்தார்கள். கரு கருப்பையில் தங்கவில்லை. கடைசியில் மருந்தைக் கைவிட்டு, இயற்கையாக மாதம் ஒன்றாக முதிரும் முட்டையையே நம்பினார்கள். லூயி அப்படிப் பிறந்தவள்.

கல்கத்தாவில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. 1931-இல் ஹஜாரிபாக்கில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, இனப்பெருக்க உடலியலில் அங்கே ஒரு டாக்டர் பட்டமும், பின்னர் எடின்பரோவில் மற்றொன்றும் பெற்றார். வெளிநாட்டில் தங்கிவிடாமல் நாடு திரும்பி, அரசு மருத்துவக் கல்லூரிகளில் உடலியல் ஆசிரியராக அமர்ந்தார். அவருக்குத் துணை நின்றவர் இருவர்: பெண்நோய் மருத்துவரான சரோஜ் காந்தி பட்டாசாரியா; ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, பொருள்களைக் கடுங்குளிரில் உறைய வைத்துக் காக்கும் கலையில் வல்லவரான சுனித் முகர்ஜி. மகப்பேற்றுச் சோதனைக்குக் குளிர்ப்பதன நிபுணர் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். கதையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

சூலகத்தைத் தூண்டும் மருந்து பல முட்டைகளைத் தருகிறது. ஆனால் அதே மருந்து கருப்பையின் உட்சுவரைத் தாறுமாறாக்கிவிடுகிறது. நாற்று தயாராயிருக்கிறது, வயல் பதமாக இல்லை என்ற நிலை. எட்வர்ட்ஸ் நாற்றைக் குறைத்துக் கொண்டார். சுபாஷ் முகர்ஜியோ வயல் பதமாகும் வரை நாற்றைக் காத்து வைக்கலாம் என்று எண்ணினார். மருந்து கொடுத்து முதிரச் செய்த முட்டைகளை, வயிற்றில் கருவி செலுத்தாமல், யோனிச் சுவரின் வழியே சிறு அறுவை செய்து எடுத்தார். கணவனின் விந்தணுவோடு அவற்றைக் கலத்தில் சேர்த்தார். உண்டான முளைக்கருக்களை டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் பாதுகாப்புத் திரவத்தின் துணையோடு உறைய வைத்து, 53 நாட்கள் காத்து, மருந்தின் தாக்கம் நீங்கிய பின்னொரு மாதத்தில் தாயின் கருப்பையில் சேர்த்தார். ஒரு குளிர்ப்பதனப் பெட்டியை வைத்துக்கொண்டே இதைச் சாதித்தார் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது கேட்க இனிமையானதுதான். எனினும் வீட்டுப் பெட்டியின் குளிர் முளைக்கருவைக் காக்கப் போதாது என்பதையும், தேர்ந்த தோழர் ஒருவரின் அறிவு அதன் பின்னால் இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

உறைந்த கருவிலிருந்து குழந்தை பிறந்த செய்தியை வெளியுலகம் 1984-இல் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் கேட்டது. கருப்பை பதமாகும் வரை கருவை உறைய வைத்துக் காத்திருப்பதும், யோனி வழியே முட்டை எடுப்பதும் இன்று உலகெங்கும் அன்றாட முறைகள்.

இத்தனையையும் செய்தவர் அதனை எங்கே வெளியிட்டார்? குளிர்ப்பதன இயலுக்கென்று இந்தியாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வேட்டில், சுருக்கமான குறிப்பாக. மகப்பேற்று மருத்துவர்கள் அந்த ஏட்டைப் படிப்பவர்கள் அல்லர். குழந்தையின் பெற்றோரோ தங்கள் பெயர் வெளியே வருவதை விரும்பவில்லை. கலத்தில் உண்டான குழந்தை என்றால் ஊரார் என்ன சொல்வார்கள், நாளை இப்பெண்ணை யார் மணப்பார்கள் என்ற அச்சம் அந்நாளில் எந்தக் குடும்பத்துக்கும் இயற்கை. மருத்துவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார். அதனால் தம் சான்றை அவரே பூட்டி வைத்தவரானார்.

1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு ரேடியோ இயற்பியல் அறிஞர். குழு முகர்ஜியைக் கேள்விகள் கேட்டது. அவர் கூற்று நம்பத்தக்கதன்று என்று முடிவு கட்டியது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சான்று கேட்டது குற்றமன்று. எவ்வளவு பெரிய அறிஞரானாலும் சான்று காட்டத்தான் வேண்டும். ஆனால் சான்றை எடைபோடத் தெரிந்தவர்களை அமர்த்தாமல், குழந்தையையும் தாயையும் மறைவாகச் சோதிக்க வழி தேடாமல், ஏளனத்தையே தீர்ப்பாக்கியது குற்றம். 1979-இல் ஜப்பானில் கியோட்டோ நகரத்து அறிஞர்கள் தம் ஆய்வை வந்து விளக்குமாறு அவரை அழைத்தார்கள். போக அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூன் மாதத்தில் அவரைக் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினார்கள். கருவியலில் வாழ்நாளைச் செலவிட்டவருக்குக் கண்ணின் மின்னியல்! அதே மாதம் 19-ஆம் தேதி அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. துர்காவுக்கு மூன்று வயது நிறையவில்லை. தபன் சின்ஹா 1990-இல் எடுத்த ‘ஏக் டாக்டர் கி மௌத்’ என்ற இந்திப் படத்தைப் பார்த்த நேயர்களுக்கு, அதன் பின்னால் இருந்த உண்மை வாழ்க்கை இதுவே.

1986 ஆகஸ்டு 6-ஆம் தேதி, அந்நாளைய பம்பாயில், கே. இ. எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி. சி. ஆனந்த குமாரும் சேர்ந்து செய்த சிகிச்சையால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. முறையான ஆவணங்களோடு பிறந்த அக்குழந்தையே இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை என்று பாடநூல்கள் எழுதின. சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனை வழியே 1990-இல் தென்னாட்டுக்கும் இம்முறை வந்தது.

இனி நடந்ததுதான் எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த பகுதி. 1997-இல் ஆனந்த குமார் கல்கத்தாவுக்கு வந்தபோது, இறந்துபோன முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் அவரிடம் கொடுக்கப்பட்டன. அவர் அவற்றை வரிவரியாகப் படித்தார். குழந்தையின் பெற்றோரிடமும் பேசினார். பின்னர் ‘கரண்ட் சயன்ஸ்’ ஏட்டில் கட்டுரை எழுதி, இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ் முகர்ஜியே என்று அறிவித்தார். பதினோரு ஆண்டுகளாகத் தமக்கு உரியதாயிருந்த முதன்மையைத் தம் கையாலேயே எடுத்து இறந்தவருக்குக் கொடுத்தார். அந்தக் குறிப்புகளைப் படிக்காமலே விட்டிருந்தாலும் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் பின்னர் முகர்ஜியின் பணியை ஏற்றது. 2003-இல், தம் இருபத்தைந்தாம் பிறந்த நாளில், துர்கா என்று அறியப்பட்ட அப்பெண்மணி கல்கத்தாவில் கூடிய சபையின் முன் தாமே வந்து நின்றார். எட்வர்ட்சுக்கு 2010-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஸ்டெப்டோவும் பர்டி அம்மையாரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டனர்.

பிள்ளைப் பேற்றுக்காக இன்று தம்பதிகள் நாடும் வேறொரு முறையும் கல்கத்தாவின் வாயிலாகவே நம் நாட்டிற்கு வந்தது என்பது வியப்பு. ஊசி குத்தி நோய் தீர்க்கும் சீனத்து அக்குபங்சர் முறையைச் சொல்கிறேன். 1938-இல், ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனத்துக்கு இந்திய தேசியக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களுள் டாக்டர் கோட்னிஸ் பெயரை அறியாதார் இல்லை. அந்த ஐவரில் ஒருவர் கல்கத்தாவின் டாக்டர் விஜய குமார் பாசு. அவர் பிற்காலத்தில் மீண்டும் சீனம் சென்று இக்கலையைக் கற்று, 1959 முதல் கல்கத்தாவில் நடத்தலானார். அவர் காலத்தில் அது பெரும்பாலும் வலிக்கும் வாதத்துக்கும் உரிய சிகிச்சையாயிருந்தது. மேற்கு வங்கம் 1996-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

கருத்தரிப்புக்கு ஊசி உதவுமா என்ற கேள்வி, 2002-இல் ஜெர்மனியில் 160 பெண்களிடம் நடந்த ஒரு சோதனையால் உலகெங்கும் பரவியது. கருவைச் செலுத்தும் நாளில் ஊசி குத்திக்கொண்டவர்களுள் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேருக்கு மேல் கருத்தரித்தார்கள். குத்திக்கொள்ளாதவர்களுள் இருபத்தாறு பேரே. கேட்டவர்கள் மனம் துள்ளிற்று. ஆனால் ஊசி பெற்றோம் என்ற நம்பிக்கையே வேலை செய்ததா என்பதை அறிய, பொய் ஊசியோடு ஒப்பிட வேண்டும் அல்லவா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் அவ்வாறு நடத்திய சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது. மெய்யூசி பெற்றவர்களுள் குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு 18.3, பொய்யூசி பெற்றவர்களுள் 17.8. வேறுபாடு இல்லை என்றே பொருள். மாதவிலக்கு ஒழுங்கின்றி, சூலகத்தில் சிறு கட்டிகள் தோன்றும் பெண்கள் ஆயிரம் பேரிடம் சீனத்திலேயே நடந்து, 2017-இல் வெளிவந்த சோதனையும் இதையே கண்டது: குளோமிபின் மாத்திரை பலன் தந்தது, ஊசி அதனோடு எதையும் கூட்டவில்லை.

படபடப்பு தணிந்து மனம் சற்று ஓய்வுறுவதாகச் சொல்லி ஊசியை விரும்புவோர் உண்டு. அவர்களைத் தடுப்பானேன்? ஆனால் முப்பத்தைந்தைக் கடந்த பெண்ணுக்கு மாதங்கள் விலையுயர்ந்தவை. வயது ஏற ஏற முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைந்துகொண்டே போகின்றன. ஊசியைக் காரணமாக்கிக் கணவனின் விந்துச் சோதனையையும் மனைவியின் குழல் சோதனையையும் ஓராண்டு தள்ளிப்போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாய், மாமியார், அத்தை எவரும் அருகில் இல்லாத அயல் நகரத்தில், அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு அலையும் நம்மவருக்கு இது எளிதில் நேர்வது. இந்திய அரசு 2021-இல் இயற்றிய சட்டத்தின்படி, செயற்கைக் கருத்தரிப்பு நடத்தும் ஒவ்வொரு மருத்துவ நிலையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தான் செய்யும் சிகிச்சைகளை ஏட்டில் குறித்து வைக்கவும் வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு விதித்திருக்கிறார்கள். பதிவுச் சான்றைக் காட்டும்படி கேட்க எந்தத் தம்பதிக்கும் உரிமை உண்டு. ஹிந்தியிலோ வங்காளியிலோ மராத்தியிலோ அதைக் கேட்கக் கூச்சமாயிருந்தால், மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.